பிள்ளையார் எறும்பு தூக்கிய பல்சக்கரம்

கோயமுத்தூரில் ஒரு சாமானுக்கு மரியாதை கிடைக்க வேண்டுமென்றால் அது கீழே விழும்போது தரை அதிர வேண்டும். மோட்டார், பம்ப்செட், கிரைண்டர் கல் எல்லாம் அந்த ரகம். தொண்ணூறுகளின் நடுவில், கணபதியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட் போட்டு நாங்கள் செய்துகொண்டிருந்த சாமான் கீழே விழுந்தால் சத்தமே வராது. எங்கே விழுந்தது என்றும் தெரியாது. கைக்கடிகாரத்துக்குள் தேதியைத் தள்ளிவிடுகிற பிளாஸ்டிக் பல்சக்கரம் அது. ஒரு எள்ளை நினைத்துக்கொள்ளுங்கள், அதற்குப் பல் முளைத்திருப்பதாகவும் நினைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

டை, அதாவது வார்ப்பு அச்சு, செய்யும் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த என் அண்ணன் அதை விட்டுவிட்டுச் சொந்தமாக ஒரு கை மிஷின் போட்டிருந்தான். மேலே பிளாஸ்டிக் குருணையைக் கொட்டிச் சூடேற்றி, அடிபம்பில் தண்ணீர் அடிப்பது போல நீளக் கைப்பிடியை இழுத்தால், உருகினது கீழே டைக்குள் பாயும். டையைத் திறந்தால் ஒரு வெள்ளைக் காம்பும், அதன் நுனிகளில் ஒட்டிக்கொண்டு நாலு பல்சக்கரங்களும் வரும். பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் எல்லாரும் அந்தக் காம்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "நல்லா வந்திருக்குதுங்க" என்பார்கள். அது குப்பைக்குப் போவது, நுனியில் இருப்பதுதான் சாமான் என்று சொன்னதும் முகம் சுருங்கிவிடும். அப்புறம் நம் மனம் நோகக் கூடாதே என்று, "கடுகு சிறுத்தாலும் காரம் குறையாதுங்க" என்று ஒரு பழமொழியைப் போட்டுவிட்டுக் காப்பியைக் குடிப்பார்கள். அந்தப் பழமொழியைக் கேட்டுக் கேட்டு எனக்குக் கடுகு தாளிக்கிற வாசனை வந்தாலே எரிச்சல் வரும்.

நான் பி.ஏ. வரலாறு முடித்திருந்தேன். பட்டம் பீரோவில் இருந்தது, நான் அடுப்படியில் இருந்தேன், இரண்டு பேரும் கல்யாணத்துக்காகக் காத்திருந்தோம். ஒரு நாள் அண்ணன் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "அம்மணி, இதக் கொஞ்சம் பாத்துக் குடுறா, எனக்குத் தலை சுத்துது" என்று ஒரு லென்ஸைக் கையில் கொடுத்தான். வாட்ச் ரிப்பேர்காரர்கள் கண்ணில் மாட்டிக்கொள்வார்களே, அந்த லென்ஸ். மாட்டிப் பார்த்தேன். எள்ளாக இருந்தது வண்டிச் சக்கரமாக நின்றது. ஒரு பல்லின் ஓரத்தில் முடி போல ஒரு பிசிறு. இன்னொன்றில் ஒரு பல் பாதிதான் நிறைந்திருந்தது. சாமணத்தால் எடுத்து நல்லதை இந்தப் பக்கமும் கெட்டதை அந்தப் பக்கமும் வைத்தேன். அன்றைக்கு உட்கார்ந்தவள்தான், எழுந்திருக்கவில்லை.

எனக்கு அந்த மேஜை பிடித்திருந்தது. சும்மா பிடித்திருந்தது என்று சொன்னால் போதாது. என் வாழ்க்கையில் முதல் முறையாக, ஒரு விஷயத்தில் என்னைவிட யாரும் நன்றாகச் செய்ய முடியாது என்று எனக்கே தெரிந்த இடம் அது. ரசம் வைப்பதில் அம்மா குறை சொல்வாள், கோலம் போடுவதில் பக்கத்து வீடு குறை சொல்லும். இதில் குறை சொல்ல வேண்டியவள் நான்தான்.

அந்த அறைக்குச் சில சட்டங்கள் உண்டு. ஃபேன் கிடையாது, அதன் இறக்கைகளை அண்ணன் கழற்றியே வைத்துவிட்டான். தும்மல் வந்தால் வெளியே ஓடிவிட வேண்டும். வழவழவென்று இருக்கிற பாலியெஸ்டர் சேலை, சட்டை எதுவும் ஆகாது, பல்சக்கரம் தாவி வந்து ஒட்டிக்கொள்ளும். ஒருமுறை எங்கள் அம்மா புது நைலக்ஸ் சேலையில் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய், ஒரு காலை வேலையை முந்தானையோடு மார்க்கெட்டுக்குக் கொண்டு போய்விட்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் பம்பாயிலிருந்து வாட்ச் பாகங்களைச் சேர்த்துப் பூட்டுகிற ஒரு கம்பெனி, நேரில் ஆள் அனுப்பிச் சாம்பிள் பார்க்கிறோம், பிடித்தால் தொடர்ந்து ஆர்டர் என்று சொன்னது. அதே சமயத்தில் கிணத்துக்கடவிலிருந்து எனக்கு ஒரு வரன் வந்தது. தென்னந்தோப்பு, கிணறு, ஒரே பையன், ஜாதகம் பொருந்திவிட்டது. அப்பா எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துத் தீர்ப்புச் சொன்னார்.

"ஆர்டர் கெடச்சா நீ பாட்டுக்கு மேஜையிலயே இரு கண்ணு. ஒரு வருசத்துக்கு உன்ற கல்யாணப் பேச்சை நான் எடுக்க மாட்டேன். கெடைக்கலீன்னா மிஷின வித்துத் தாட்டி விட்டுப்போட்டு அவன் பம்ப்செட் கம்பெனிக்குப் போகட்டும், நீ கிணத்துக்கடவுக்குப் போ."

நியாயமான தீர்ப்புதான். ஆனால் அப்பாவிடம் ஒரு பஞ்சாங்கம் இருந்தது. நல்ல நேரம் என்று ஒன்று கிடைத்துவிட்டால் அதை வீணாக்க அவருக்கு மனசு வராது. பொண்ணு பார்க்க வருகிறவர்களுக்கும் ஒரு புதன்கிழமை காலை சொல்லியிருந்தார், பம்பாய்க்காரருக்கும் அதே புதன்கிழமை காலை சொல்லியிருந்தார். நான் கேட்டதற்கு, "பொன் கெடச்சாலும் புதன் கெடைக்காதுன்னு சும்மாவா சொன்னாங்க? ரெண்டுல ஒண்ணு பலிக்குமில்ல" என்றார்.

"ரெண்டும் பலிச்சா என்னங்கப்பா பண்றது?"

"அது எங்க அம்மணி பலிக்குது" என்று பேப்பரை விரித்துக்கொண்டார்.

நாங்கள் சாம்பிள் தயாரித்தோம். பீஸ் டையில் ஒட்டாமல் கழன்று வர ஒரு ஸ்ப்ரே உண்டு, அது தீர்ந்துபோயிருந்தது. அண்ணன் செக்கில் ஆட்டின தேங்காயெண்ணெயைக் கோழி இறகில் தொட்டு டைக்குள் தடவினான். பீஸ் அழகாகக் கழன்றது, மினுமினுவென்றும் இருந்தது. சோப்புத் தண்ணீரில் கழுவிவிடலாம் என்று நான் சொன்னேன். "மினுக்கா இருக்குதில்ல, இருக்கட்டும்" என்றான். கல்யாணப் பெண்ணா அது, மினுக்காக இருக்க? ஆனாலும் விட்டுவிட்டேன். பொறுக்கியதிலிருந்து மறுபடி பொறுக்கி, ஒரு பல் கூடப் பழுதில்லாததை மட்டும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மூடியை அழுத்தி மூடி அண்ணனிடம் கொடுத்தேன். அண்ணன் அப்பாவிடம் கொடுத்தான். அப்பா அதைச் சாமி அறையில் வைத்தார்.

வைத்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பக்கத்தில் ஒரு தட்டில் வெல்லமும் கல்கண்டும் வைத்தார். அப்புறம் டப்பாவின் மூடியைத் திறந்துவிட்டார். ஏன் திறந்தீர்கள் என்று பிற்பாடு கேட்டபோது, "மூடி வெச்சா சாமிக்கு எப்படித் தெரியும்?" என்றார். மூடி இல்லாவிட்டாலும் லென்ஸ் இல்லாமல் சாமிக்குத் தெரிந்திருக்காது. அதைச் சொன்னால் சாமி குத்தம் என்பார்கள்.

புதன்கிழமை காலையில் குளித்து, பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து, நெற்றியில் விபூதி பூச சாமி அறைக்குள் போனேன். வெல்லத்தைச் சுற்றி எறும்பு. அது வழக்கம்தான். ஆனால் சுவரோரமாகப் போன எறும்பு வரிசை வெள்ளை வெள்ளையாகப் புள்ளி வைத்திருந்தது. குனிந்து பார்த்தேன். காரமடைத் தேரை ஜனம் இழுப்பது போல, ஒவ்வொரு பல்சக்கரத்தையும் நாலைந்து எறும்புகள் சேர்ந்து இழுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. வெல்லத்துக்கு வந்தவை தேங்காயெண்ணெய் மணத்துக்கு டப்பாவுக்குள் இறங்கிவிட்டன. டப்பாவில் பாதிக்கு மேல் இல்லை. வரிசை சாமி அறையை விட்டு இறங்கி, கூடத்தைத் தாண்டி, கொல்லை வாசப்படிக்குக் கீழே ஒரு விரிசலுக்குள் போய்க்கொண்டிருந்தது.

நான் போட்ட சத்தத்தில் வீடே வந்துவிட்டது. அண்ணன் எறும்புப் பொடி டப்பாவோடு ஓடிவந்தான். அப்பா கையை நீட்டி மறித்தார்.

"பிள்ளையார் எறும்புடா. அதுவும் சாமி ரூம்ல. நல்ல நாளும் அதுவுமா ஒண்ணு செத்துச்சுன்னா பாத்துக்க."

"அப்பா, அது என்ற சாம்பிளத் தூக்கிட்டுப் போகுதுங்கப்பா" என்றான் அண்ணன்.

"கேட்டு வாங்கிக்க" என்றார் அப்பா. உண்மையாகவே அப்படித்தான் சொன்னார்.

புதிதாக அடிக்கலாம் என்றால் விடிந்ததிலிருந்து கரண்ட் இல்லை. பம்பாய்க்காரருக்கு அன்று சாயங்காலம் ரயில். கிணத்துக்கடவில் எனக்கு விரோதம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு எறும்பினால் என் மேஜை போகிறது என்பதைத் தாங்க முடியவில்லை. பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு, சாமணத்தோடு தரையில் குப்புறப் படுத்தேன். எறும்பு சாகக் கூடாது, பல் உடையக் கூடாது. ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கிண்ணத்தில் போட்டேன். சில எறும்புகள் விடாமல் பிடித்துக்கொண்டு கூடவே வந்தன. அண்ணன் விரிசலுக்குள் ஊதிப் பார்த்தான். அவனுக்கு அவ்வளவுதான் புத்தி.

அந்த நேரம் பார்த்துக் கிணத்துக்கடவுக்காரர்கள் வந்துவிட்டார்கள். சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்தார்கள், நல்ல நேரம் தவறிவிடக் கூடாதாம். முன்னறையில் பாய் விரித்து, "வாங்க, வாங்க, உட்காருங்க" என்று அப்பா உபசரிக்கிற சத்தம் கேட்டது. எழுந்திருக்க எனக்கு நேரமில்லை. யாரோ ஒருவர் கால் கழுவக் கொல்லைப்பக்கம் போவதற்காகக் கூடத்துக்குள் வந்தார். என் லென்ஸுக்கு முன்னால் யானைக்கால் மாதிரி ஒரு பாதம் வந்து வரிசைக்கு நேர் மேலே இறங்கியது.

"ஏனுங்க, காலைத் தூக்குங்க" என்றேன்.

பாதம் அந்தரத்திலேயே நின்றது. நான் அதன் அடியில் இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்து முடிக்கும்வரை இறங்கவில்லை. அப்புறம்தான் லென்ஸைக் கழற்றி மேலே பார்த்தேன். பளபளவென்று ஒரு புதுப் பாலியெஸ்டர் சட்டை, ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்தபடி ஒற்றைக்காலில் நிற்கிற ஒரு ஆள். போட்டோவில் பார்த்த முகம்தான். மாப்பிள்ளை.

"இப்ப வெக்கலாமுங்களா?" என்று கேட்டார்.

"வெச்சுக்கங்க" என்றேன். வேறு என்ன சொல்ல?

அவர் கால் கழுவப் போகவில்லை. பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, நான் கிண்ணத்தில் போடுவதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் அவரும் பொறுக்க ஆரம்பித்தார். விரல் நுனியை நாக்கில் தொட்டு, அதில் ஒட்டி எடுத்தார். எங்கள் சட்டப்படி அது மகா தப்பு. சொல்லவில்லை. மகனைக் காணோமே என்று தேடிக்கொண்டு அவருடைய அம்மா உள்ளே வந்து, பொண்ணும் மாப்பிள்ளையும் தரையில் தவழ்வதைப் பார்த்தார். எனக்கு லென்ஸ் மாட்டின இடத்தில் கண்ணைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வட்டம் வேறு.

"புள்ளைக்குக் கண்ணுல என்னங்க?" என்று எங்கள் அம்மாவிடம் கேட்டார்.

"அது வேலைங்க" என்றாள் எங்கள் அம்மா பாவமாக.

இதற்குள் முன்னறையில் இன்னொரு கூத்து. பம்பாய்க்காரர் வந்துவிட்டார். நல்ல தமிழ் பேசுகிறவர், வெள்ளைச் சட்டை, வயசானவர். கிணத்துக்கடவோடு வந்த பெரியப்பா என்று அப்பா அவரை நினைத்துக்கொண்டார். எங்கள் பக்கத்து மாமா என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். எல்லாரும் மரியாதைக்காரர்கள், நீங்கள் யார் என்று கேட்பது மரியாதையில்லை. அவருக்கு இரண்டு தடவை கேசரி வைத்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா அவர் பக்கம் சாய்ந்து, "நீங்க என்னங்க சொல்றீங்க, எடம் எப்படி?" என்று கேட்க, அவர், "ஷெட்டுக்கு நல்ல எடம்தாங்க" என்று சொல்லியிருக்கிறார்.

காப்பித் தட்டை எடுத்துக்கொண்டு போ என்று அம்மா என்னைத் தள்ளினாள். காப்பியோடு டப்பாவையும் அதே தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். கிடைத்தது அத்தனையும் அதில் இருந்தது. காப்பியை எல்லாருக்கும் கொடுத்தேன், டப்பாவை அண்ணன் கண்ணால் காட்டிய அந்த வெள்ளைச் சட்டைக்காரருக்குக் கொடுத்தேன். அண்ணன்தான் அவர் யார் என்று அப்பாவின் காதில் சொன்னான். அப்பா கேசரித் தட்டை வெடுக்கென்று நகர்த்தி வைத்தார், அதை ஏன் செய்தார் என்று தெரியவில்லை.

பம்பாய்க்காரர் தன் லென்ஸை எடுத்து மாட்டினார். ஒன்று பார்த்தார், வைத்தார். இன்னொன்று பார்த்தார். திடீரென்று தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"இது என்ன பார்ட்? டிராயிங்ல இல்லையே."

சாமணத்தின் நுனியில் ஒரு எறும்பு காலை உதைத்துக்கொண்டிருந்தது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். அப்பா சாமி அறைப் பக்கம் பார்த்தார்.

"அது லோடுமேனுங்க" என்றார் மாப்பிள்ளை. "சரக்கு ஏத்த வந்ததுங்க."

பம்பாய்க்காரர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் லென்ஸைக் கழற்றினார்.

"எண்ணெயைக் கழுவுங்க. மத்தபடி ஒரு பிசிறு கிடையாது. இதைப் பொறுக்கினது யாரு?"

அண்ணன் என்னைக் காட்டினான்.

"ஆர்டர் போடறேன். ஒரே ஒரு விஷயம். பொறுக்குற ஆள் மாறக் கூடாது. ஆள் மாறினா நான் நிறுத்திடுவேன்."

எனக்கு அந்த நிமிஷம் ஆகாயத்தில் மிதப்பது போல இருந்தது. அப்புறம் தரைக்கு வந்தேன். மாப்பிள்ளையின் அம்மா காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "எங்கூட்டு மருமக வேலைக்குப் போறதில்லீங்க" என்றார், கோபமில்லாமல், வாசலில் மாடு நிற்கிறது என்று சொல்வது போல. அப்பா பஞ்சாங்கத்தைப் பார்த்தார். இரண்டும் பலித்தால் என்ன செய்வது என்று அதில் போட்டிருக்கவில்லை.

"போயிட்டுச் சொல்லி அனுப்பறோமுங்க" என்று எழுந்தார்கள். எங்கள் ஊரில் இல்லை என்ற வார்த்தையைச் சொல்ல மாட்டார்கள். அதைத்தான் இப்படிச் சொல்வார்கள்.

ஆர்டர் வந்தது. சொன்ன சொல்லை அப்பா காப்பாற்றினார், கல்யாணப் பேச்சே எடுக்கவில்லை. மேஜை என்னுடையது. கேட்டது கிடைத்துவிட்டது, பிறகு என்ன? ஆனால் லென்ஸை மாட்டும்போதெல்லாம் அந்தக் கால் வந்து அந்தரத்தில் நின்றது. எனக்கு என் மேலேயே கோபமாக வந்தது. கேட்டதைக் கொடுத்தால் கேட்காததை நினைக்கிற புத்தி. அந்த எரிச்சலில் நல்ல பீஸையெல்லாம் கூட ரிஜெக்ட் பக்கம் தள்ளினேன். "உனக்கென்ன கேடு?" என்று அண்ணன் கேட்டான்.

ஒரு மத்தியானம் அண்ணன் சாப்பிடப் போயிருந்தான். ஷெட் வாசலில் யாரோ செருமினார்கள். மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். பாலியெஸ்டர் இல்லை, பருத்திச் சட்டை. வெயிலில் உக்கடத்தில் ஒரு பஸ், காந்திபுரத்தில் ஒரு பஸ் மாறி வந்த களைப்பு முகத்தில் இருந்தது.

"உங்க சக்கரம் ஒண்ணு எங்கூட்டுக்கு வந்துருச்சுங்க" என்றார். "சட்டப் பாக்கெட்டுல இருந்துச்சு. குடுத்துட்டுப் போலாம்னு."

விபூதி மடிக்கிற மாதிரி மடித்த ஒரு பொட்டலத்தை எடுத்தார். பிரிக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டார். நான் லென்ஸை மாட்டிப் பார்த்தேன். மற்ற விஷயங்களைப் பேசத் தெரியாததால் அதைத்தான் ரொம்ப நேரம் பார்த்தேன்.

"ஒரு பல் போயிருச்சுங்க" என்றேன். "இது ஆகாது."

"அப்பவே மிதிச்சுட்டனுங்களோ என்னமோ" என்றார். கொஞ்ச நேரம் மிஷினைப் பார்த்தார். காம்பை அவர் எடுத்துப் பார்க்கவில்லை, அதை நான் கவனித்தேன். "ஏனுங்க, ஒரு மாசத்து வேலை மொத்தமும் சேர்த்தா எவ்வளவுங்க வரும்?"

"ஒரு தூக்குப்போசி வருமுங்க. அதுவும் நெறையாது."

"அதத்தானுங்க நானும் ரோசன பண்ணினேன். பம்ப்செட்டா இருந்தா லாரி வேணும். இது பஸ்ல மடியில வெச்சுக் கொண்டாந்துரலாம், மறுக்காக் கொண்டுபோய்க் குடுத்துரலாம். எங்க தோட்டத்து ஊட்ல வடக்கப் பாத்த ரூம் ஒண்ணு இருக்குதுங்க. வெளிச்சம் நல்லா வரும். மேஜை போட்டுக்கலாம்."

நான் லென்ஸைக் கழற்றவில்லை. கழற்றினால் கண் கலங்கியிருப்பது தெரிந்துவிடும்.

"உங்கம்மா வேலைக்குப் போறதில்லைன்னு சொன்னாங்களே."

"சொல்லிப்போட்டனுங்க. மருமக வேலைக்குப் போகலை, வேலைதான் ஊட்டுக்கு வருதுன்னு." செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம், மறைக்கக் கூடாது என்று நினைத்தோ என்னவோ, "எறும்பு மட்டும் கொஞ்சம் ஜாஸ்திங்க" என்றார்.

ஊரே காறித் துப்பாத குறையாகச் சின்னது சின்னது என்று சொன்ன அந்தச் சாமான், சின்னதாக இருந்த ஒரே காரணத்தால் என்னோடு பஸ் ஏறி வரத் தயாராக இருந்தது. மூக்கு அடைத்துக்கொண்டு தும்மல் வருகிற மாதிரி இருந்தது. வெளியே ஓடவில்லை.

"மூடி போட்டு வெச்சுக்கலாமுங்க" என்றேன்.